இருபத்தி மூணு மணிமணியான கையெழுத்து

நீங்க படிக்கீங்களா, இல்ல சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்களா? கோவிச்சுக்காதீங்கம்மா. பஸ் ஏறுனதிலயிருந்து பாக்கேன். புஸ்தகம் கையில இருக்கு, பக்கமும் திரும்புது, ஆனா வாயில சத்தத்தக் காணோம். உதடு கூட அசையல. வாயத் தொறக்காமப் படிச்சா அது எப்பிடி மண்டையில ஏறும்? முப்பத்தி நாலு வருஷமா டீச்சரா இருக்கேன், அதான் மனசு பொறுக்காமக் கேட்டுட்டேன். அந்தப் பைய மடியில வச்சுக்கோங்க, நான் நல்லா உக்காந்துக்கிடுதேன்.

என் பேரு ஆவுடைநாயகி. தலைமையாசிரியை. முக்கூடலுக்கு மேக்க, சின்னப் பள்ளிக்கூடந்தான். நாலும் அஞ்சும் என் பொறுப்பு. எங்க ஊர்ப் பக்கம் வந்து ஆவுடை டீச்சர்னு கேட்டுப் பாருங்க, ரோட்டுல போற ஆடு கூட வழி சொல்லும். இப்ப திருநெல்வேலிக்குத்தான் போறேன், கல்வி ஆபீசுக்கு. பதினோரு மணிக்கு விசாரணை. என்னைய விசாரிக்காங்களாம்! சொல்லும்போதே எனக்குச் சிரிப்பு வருது. இல்ல, சிரிப்பு வரல, வயிறு எரியுது.

எல்லாம் இந்த ஜூன் மாசத்துல ஆரம்பிச்சது. ஜெனிட்டான்னு ஒருத்திய மூணாங்கிளாசுக்குப் போட்டாங்க. சின்னப் பொண்ணு, இருபத்தாறு வயசு இருக்கும். முத நாளே வந்து என்ன கேட்டாங்கீங்க? "டீச்சர், கதைப் புஸ்தகப் பீரோச் சாவி வேணும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. அந்தப் பீரோவ நான் பன்னெண்டு வருஷமா எப்பிடி வச்சிருந்தேன் தெரியுமா? எரநூத்திப் பத்து புஸ்தகம். ஒரு மடிப்பு கெடையாது, ஒரு கறை கெடையாது. யாராவது வந்து பாத்தாங்கன்னா, "டீச்சர், நேத்து வாங்கினது மாதிரியே இருக்கே"ம்பாங்க. அவ வாங்கிட்டுப் போன ரெண்டாவது வாரம் ஒரு புஸ்தகத்தப் பாக்கேன், நடுப்பக்கத்துல புளிச்சோத்துப் பருக்க ஒட்டிக்கிட்டு இருக்கு. ஒரு பயல் சாப்பிடும்போது வாசிச்சானாம். அவ அதச் சொல்லும்போது அவ மூஞ்சியில அம்புட்டுச் சந்தோஷம்.

நம்ம முறை எப்பிடின்னு சொல்லுதேன், கேளுங்க. காலையில வந்தவுடனே ஈர்க்குச்சி பாப்பேன். ஒவ்வொரு பிள்ளையும் வீட்டு விளக்குமாத்துலயிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவி, வெரல் நீளத்துக்கு ஒடிச்சுக் கொண்டாரணும். குச்சி வரிக்கு அடியில ஓடணும், வாய் பாட்டுக்குச் சொல்லணும். நான் ஒரு வரி சொல்லுவேன், பிள்ளைங்க ஒரு வரி. பத்துத் தடவ. அடுத்த வரி. பக்கம் முடிஞ்சா ஸ்கேலால மேசையில ஒரு தட்டு. முப்பது பிள்ளைங்க பக்கமும் ஒண்ணா, சர்ருன்னு திரும்பும். தீவாளிக்குள்ள முழுப் புஸ்தகமும் முடிஞ்சுரும். பொறவு புஸ்தகத்த மூடிட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்லும். நல்லாச் சொல்லுத பிள்ளைக்குக் குச்சியும் வேண்டாம், புஸ்தகமும் வேண்டாம். அந்த அளவுக்குக் கொண்டுபோயிருவேன்.

அவ முறை என்ன? சிரிக்காதீங்க. பிள்ளைங்ககிட்டப் போயி, "நேத்து என்ன நடந்துச்சு, சொல்லுங்க"ன்னு கேக்குதா. ஒண்ணு எந்திரிச்சு, "எங்க ஆட்டுக்கு வயித்தால போவுது"ங்குது. நீங்களும் நானுமா இருந்தா என்ன செய்வோம்? உக்காருட்டீன்னுருவோம். அவ என்ன செஞ்சா தெரியுமா? திரும்பி நின்னு, போர்டுல, பெரிய எழுத்துல, "எங்க ஆட்டுக்கு வயித்தால போவுது"ன்னு எழுதுனா. கலைமகள் குடியிருக்கிற போர்டும்மா அது! நான் வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருக்கேன். பிள்ளைங்கல்லாம் அத வாசிச்சுட்டு ஒரே சிரிப்பு. ஒரு பய எந்திரிச்சு, "மாதுளந்தோல் குடுத்தியா?"ன்னு வைத்தியம் கேக்கான். அதையும் எழுதுதா. படிக்கும்போது சிரிக்கலாமா? படிப்புன்னா ஒரு பயம் வேண்டாமா?

இதோட விட்டாளா? அந்த வரியத் தாள்ல எழுதி, கத்திரியால வார்த்தை வார்த்தையா வெட்டி, கலைச்சுப் போட்டு, "அடுக்குங்க"ங்குதா. ஆடு ஒரு மூலையில, வயிறு ஒரு மூலையில கெடக்கு. தெரியாத வார்த்தை வந்துச்சுன்னா பிள்ளைய எழுத்து எழுத்தா சத்தத்தக் கூட்டிச் சொல்லவிட்டுட்டு, இவ கையக் கட்டிக்கிட்டு நிக்கா. வாய் வரைக்கும் வந்துரும், எடுத்துக் குடுத்தா என்ன? குடுக்க மாட்டா. "கண்டுபிடிச்சிருவா டீச்சர், அவசரப்படுத்தாதீங்க"ன்னு எனக்குப் புத்தி சொல்லுதா. ஒரு வார்த்தைக்கு அரை நிமிஷம் காத்து நிக்கா. நான் அந்த அரை நிமிஷத்துல ஒரு பக்கத்தயே முடிச்சிருவேன்.

கேட்டீங்களா, அதுக்குப் பொறவுதான் வெனை. செப்டம்பர்ல எங்க மேலதிகாரி அம்மா ஆய்வுக்கு வந்தாங்க. இந்த வருஷம் நல்லாசிரியர் விருதுக்கு என் பேரு போகணும். ரெண்டு வருஷத்துல ரிட்டயர்டு, இத விட்டா வேற வழியில்ல. அதனால அஞ்சாங்கிளாச நல்லாத் தயார் பண்ணி வச்சிருந்தேன். பட்டுச் சேலை கட்டிட்டுப் போயிருந்தேன். பிள்ளைங்க எடுத்தாங்க பாருங்க பாடத்த, கேட்டா ஒடம்பு புல்லரிச்சுப் போகும். கட்டடமே அதிருது. நான் ஸ்கேலத் தட்டுதேன், பக்கம் சர்ருன்னு திரும்புது. அந்த அம்மா அப்பிடியே அசந்துபோயி நின்னாங்க.

அசந்து நின்னவங்க அப்பிடியே போயிருக்கலாம்லா? முன் பெஞ்சுல ஒரு பிள்ளைகிட்டப் போயி, புஸ்தகத்து மேல் பாதிய உள்ளங்கையால மறைச்சுக்கிட்டு, ஒரு வரியத் தொட்டு, "இத மட்டும் படிம்மா"ன்னாங்க. பிள்ளை முழிச்சா. பொறவு மொத வரியிலயிருந்து ஆரம்பிச்சா. "இல்ல கண்ணு, இந்த வரி"ன்னாங்க. அவ மறுபடியும் மொத வரியிலயிருந்து ஆரம்பிச்சு, விறுவிறுன்னு சொல்லிக்கிட்டே வந்து, அந்த எடத்துல நின்னா. நின்னாளா இல்லையா? வந்து சேந்துட்டால்லா? ஓடுத பஸ்சுல நடுவழியில ஏறச் சொன்னா யாருதான் ஏறுவா? மொத ஸ்டாப்புல ஏத்திவிட்டா எம்பிள்ளைங்க கடைசி ஸ்டாப்பு வரைக்கும் போயிரும். இத நான் எடுத்துச் சொல்லுதேன், அந்த அம்மா என்னையப் பாக்கவே இல்ல, அந்தப் பிள்ளையவே பாத்துக்கிட்டு இருக்காங்க.

பொறவு மூணாங்கிளாசுக்குப் போனவங்கதான். ஒரு மணி நேரமா வெளிய வரல. தரையில உக்காந்துட்டாங்களாம். ஒரு பிள்ளை அவங்க கைப்பையில இருந்த மருந்துச் சீட்ட எடுத்து வாசிச்சு, "ஒங்களுக்குச் சளியா?"ன்னு கேட்டிருக்கு. மரியாதையப் பாருங்க. அதுக்கு அந்த அம்மா கன்னத்தத் தட்டிட்டு வந்து, பார்வைப் புத்தகத்துல என்ன எழுதுனாங்க? எனக்கு அப்பிடியே மனப்பாடம். "மூன்றாம் வகுப்பில் பிள்ளைகள் புரிந்து வாசிக்கின்றனர். ஐந்தாம் வகுப்பில் பிள்ளைகள் நன்றாக ஒப்பிக்கின்றனர். மூன்றாம் வகுப்பு ஆசிரியையிடம் கேட்டு, அவரது முறையை மற்ற வகுப்புகளிலும் பின்பற்றவும்." மொத ரெண்டு வரியில எனக்குக் கொறை ஒண்ணும் இல்ல. 'நன்றாக'ங்கிற வார்த்தை என் கிளாசுக்குத்தான இருக்கு, அவ கிளாசுக்கு இல்லையே? மூணாவது வரிதான். நான் போயி அவகிட்டக் கேக்கணுமாம். அவ பெறக்குறதுக்கு முன்னாடியே டீச்சரானவ நான்.

ரெண்டு நாள் சாப்பாடு எறங்கல. மூணாவது நாள் உக்காந்து ஒரு மனு எழுதுனேன். பெற்றோர் எழுதுத மாதிரி. ஏன்னா பெற்றோருக்கு என்ன கொறைன்னு அவங்கள விட எனக்குத்தான நல்லாத் தெரியும்? நாலு பக்கம். தமிழ்னா தமிழ், அப்பிடி ஒரு தமிழ். ஜெனிட்டாவ எங்கயாவது தூரமா மாத்தணும்னு. மூணாங்கிளாசுல இருபத்தி நாலு பிள்ளை. வியாழக்கிழமை பெற்றோர் கூட்டத்துக்கு இருபத்தி மூணு தாய்மாரு வந்தாளுவ. "பள்ளிக்கூடத்து நல்லதுக்கு ஒரு மனு, கீழ கையெழுத்துப் போடுங்கட்டீ"ன்னேன். ஒருத்தி, "காம்பவுண்டுச் செவருக்கா டீச்சர்?"ன்னா. நான் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. சிரிச்சேன், அவ்வளவுதான்.

அந்தக் கையெழுத்தப் பாக்கணும் நீங்க! மணிமணியா, குண்டு குண்டா, ஒண்ணு போல இருபத்தி மூணும். முக்காவாசிப் பேரு என்கிட்டப் படிச்சவளுவ. வெளியூர்லயிருந்து வாக்கப்பட்டு வந்தவளுவளுக்கும் அந்தக் காலத்துல சாயங்கால வகுப்பு வச்சு, கையப் புடிச்சு, பேரு எழுத நான்தான் பழக்குனேன். எங்க ஊர்ல கைநாட்டு ஒண்ணு கூடக் கெடையாதும்மா. எங்க காட்டுனாலும் போடுவாளுவ. என் மேல அம்புட்டு நம்பிக்கை, ஒருத்தி கூடப் படிச்சுப் பாக்கல. பத்தாவது வரைக்கும் போன ஒருத்தி ரெண்டு பேரு உண்டு, அவளுவளுக்கும் டவுனு பஸ்சுக்கு நேரமாச்சு, போட்டுட்டு ஓடிட்டாளுவ.

மிச்சம் ஒண்ணே ஒண்ணு. இசக்கியம்மா. அன்னைக்குப் பீடிக்கடைக்குச் சரக்குக் குடுக்கப் போயிட்டா. அவளும் என்கிட்ட ஒண்ணுலயிருந்து அஞ்சு வரைக்கும் படிச்சவதான். இருபத்தி நாலும் இருந்தாத்தான் மனு நெறைவா இருக்கும்னு, சனிக்கிழமை காலையில நானே வீட்டுக்குப் போனேன். வேப்பமரத்து நெழல்ல ஆறேழு பொம்பளைங்க சுளகுத் தட்ட மடியில வச்சுப் பீடி சுத்திக்கிட்டு இருந்தாளுவ. எல்லாம் வியாழக்கிழமை கையெழுத்துப் போட்டவளுவதான். இசக்கியம்மா எந்திரிச்சு, கைத்தூள முந்தியில தொடச்சுக்கிட்டு, "எங்க டீச்சர் போடணும்?"னா. அம்புட்டு மரியாதை. பேனா பைக்குள்ள அடியில போயிருச்சு. தேடணும்லா? பக்கத்துல அவ மக சுபிக்ஷா நின்னா. மூணாங்கிளாசுக்காரிதான். "இதச் செத்த பிடிட்டி"ன்னு மனுவ அவ கையில குடுத்தேன்.

அங்கனதான் நான் ஏமாந்துட்டேன். குடுத்தா பிடிச்சுக்கிட்டு நிக்கணும்லா? அது வாசிக்க ஆரம்பிச்சிருச்சு.

நான் மொதல்ல கண்டுக்கிடவே இல்ல. வாசிக்கட்டும், எங்க வாசிக்கப் போவுது, ரெண்டு வார்த்தையில நின்னுரும்னு நெனைச்சேன். ஈர்க்குச்சியும் இல்ல, எடுத்துக் குடுக்க ஆளும் இல்ல. அது பாட்டுக்கு, கொஞ்சங் கொஞ்சமா, நின்னு நின்னு போவுது. "மூன்றாம்... வகுப்பு... ஆசிரியை... ஜெனிட்டா..." பேரக் கேட்டதும் ஒருத்தி சுத்துத கைய நிப்பாட்டுனா. "அவர்களை... வேறு... பள்ளிக்கு... உடனே..." ரெண்டாமத்தவ நிப்பாட்டுனா. "மாற்றித் தருமாறு." அவ்வளவு பேரும் நிப்பாட்டிட்டாளுவ. நான் பேனாவ எடுத்துட்டேன், "குடுட்டி, போதும்"ங்கேன். இசக்கியம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டா. "இருங்க டீச்சர், பிள்ளை வாசிக்கட்டும்"ங்கா. என் கையப் பிடிக்கா, அவ!

அது எதயும் கவனிக்கல. வாசிச்சுக்கிட்டே போயி ரெண்டாம் பக்கத்துக்கு வந்துருச்சு. "இவரது... வகுப்பில்... பயிலும்... பிள்ளைகள்... எவருக்கும்... ஒரு... வரி... கூட... வாசிக்கத்... தெரியவில்லை... என்பதைத்... தா... தாழ்... தாழ்மையுடன்..." அங்கன நிறுத்திட்டு என்னைய நிமிந்து பாத்து, "டீச்சர், இது எங்களையவா சொல்லிருக்கு?"ன்னு கேட்டுச்சு.

தாழ்மையுடன்ங்கிற ஒரு வார்த்தைக்கு மூணு தடவை திக்குனா, நான் எண்ணிக்கிட்டுத்தான் இருந்தேன். அப்ப நான் எழுதுனது பொய்யா? நீங்களே சொல்லுங்க.

அப்பக் கெளம்புனாளுவ பாருங்க சண்டைக்கு. "காம்பவுண்டுச் செவருன்னீங்களே டீச்சர்"ங்கா ஒருத்தி. நான் எப்பச் சொன்னேன்? இன்னொருத்தி, "நம்ம பேரப் போட்டு நம்ம பிள்ளைகளயே மக்குன்னு எழுதிருக்கே"ன்னு அழுதுட்டா. நான் எத்தனையோ எடுத்துச் சொன்னேன். ஒங்களுக்கு வெவரம் பத்தாதுட்டி, ஒங்க நல்லதுக்குத்தான்னேன். ஒருத்தியும் கேக்கல. இசக்கியம்மா மட்டும் சத்தம் போடல. மகளையே பாத்துக்கிட்டு இருந்தா. பொறவு ரொம்ப மெதுவாக் கேட்டா. "டீச்சர், எட்டு வயசுப் பிள்ளை, நாலு மாசத்துல படிச்சிருக்கு. நான் ஒங்ககிட்ட அஞ்சு வருஷம் இருந்தேனே. ஒரு நாள் மட்டம் போடலையே. எனக்கு ஏன் டீச்சர் இது வரல?"

எத்தனை பிள்ளைக்கு மத்தியில இவள எப்பிடிப் பாத்துக்கிட்டேன்! கோவத்துல, "நீ ஒழுங்கா மனப்பாடம் பண்ணிருக்க மாட்ட"ன்னுட்டேன்.

அவ அப்பிடியே நிமிந்து நின்னா. பள்ளிக்கூடத்துல நிக்கிற மாதிரி, கையக் கட்டிக்கிட்டு. ஆரம்பிச்சா. "பாடம் பதினொன்று. தபால்காரர். எங்கள் ஊர்த் தபால்காரரின் பெயர் சங்கரன். அவர் காக்கிச் சட்டை அணிவார். மிதிவண்டியில் வருவார்." மிதிவண்டியோட பக்கம் முடியுதுல்லா? கட்டுன கை தானா அவுந்து, இல்லாத பக்கத்த ஒரு பொரட்டுப் பொரட்டுச்சு. "அவர் எங்களுக்குக் கடிதம் தந்தார். அம்மா அதைப் பிரித்துப் படித்தார். அனைவரும் மகிழ்ந்தோம்." கடைசி வரி வரைக்கும், ஒரு வார்த்தை பெசகல. இருபத்தஞ்சு வருஷம் ஆச்சும்மா! கண்ணுல தண்ணி வழியுது அவளுக்கு, வாய் நிக்கல. முடிச்சுட்டு, "முழுப் புஸ்தகமும் சொல்லுவேன் டீச்சர். ஆனா எந்தக் காயிதத்தக் குடுத்தாலும் எனக்கு வெறும் கறுப்புக் கறுப்பாத்தான் இருக்கு"ன்னா.

எனக்கும் கண்ணு கலங்கிருச்சு. அழாம இருக்க முடியுமா? ஒரு டீச்சருக்கு இதுக்கு மேல என்ன விருது வேணும்? காத்துலயும் மழையிலயும் பீடி சுத்தி, பிள்ளை பெத்து, அத்தனையும் ஆன பொறவும் பாடம் பதினொண்ணு பத்திரமா இருக்கே! அந்த ஜெனிட்டா கிட்டப் படிச்ச பிள்ளை இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு ஆட்டுக்கு வயித்தால போனதச் சொல்லுமா?

பொறவு என்ன. மனுவத் திருப்பித் தரல, பொம்பளைங்களே வச்சுக்கிட்டாளுவ. அத ஒரு ஒறையில போட்டு, கூட ஒரு கடிதமும் வச்சு ஆபீசுக்கு அனுப்பிருக்காளுவ. கடிதம் எழுதுனது யாருங்கீங்க? மூணாங்கிளாஸ் பிள்ளைங்க. தாய்மாரு சொல்லச் சொல்ல அதுக எழுதிருக்கு. வரிக்கு ரெண்டு பிழையாம். "எங்க டீச்சர மாத்தாதீங்க. எங்களுக்கு வாசிக்கத் தெரியும். வந்து பாருங்க"ன்னு பேசுற தமிழ்லயே இருக்காம். அத ஆபீசுல எல்லாரும் வாங்கி வாங்கி வாசிச்சாங்களாம். நாலு பக்கம் நான் எழுதுன தமிழ யாரும் முழுசாப் படிக்கலையாம்.

அதுக்குத்தான் இன்னைக்கு விசாரணை. நான் பயப்படல. என்கிட்ட ஒரு யோசனை இருந்துச்சு. இசக்கியம்மாவையே சாட்சியாக் கூட்டிட்டுப் போயி, அதிகாரிங்க முன்னால நிறுத்தி, பாடம் பதினொண்ணச் சொல்ல வச்சா என்ன? அதுக்கப்புறம் எவனாவது வாயத் தொறப்பானா? நேத்து சாயங்காலம் பழைய கோவத்தயெல்லாம் மறந்துட்டு, அவ வீட்டுக்குப் போயிக் கூப்பிட்டேன். வரமாட்டேன்னுட்டா. "போயிட்டுத் திரும்ப நாலு மணி தாண்டிரும் டீச்சர், எனக்குக் கிளாஸ் இருக்கு"ங்கா.

யாருக்குக் கிளாசு? அவளுக்குத்தான்! நாலு மணிக்கு மேல, அந்த மூணாங்கிளாஸ் தரையில, மக பக்கத்துல, முப்பத்தி மூணு வயசுல சம்மணம் போட்டு உக்காருதாளாம். அவ மட்டும் இல்ல, கையெழுத்துப் போட்ட பதினாலு பேரு. எனக்கு ஒண்ணு மட்டும் வெளங்கவே இல்லம்மா. அஞ்சு வருஷம், மொத்தப் புஸ்தகத்தயும் நான் அவளுக்குள்ள ஏத்தி விட்டாச்சு. இனி அந்த ஜெனிட்டா புதுசா என்னத்தச் சொல்லிக் குடுத்துரப் போறா?